தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தால் தமிழ்நாட்டுச் சட்டம் எங்களுக்குச் செல்லாதா?

கல்வாழை:

வணக்கம். ஒரு ஜவுளிக்கடைக் கிளையில் பில் போடும் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். கிளையில் 42 பேர் இருக்கிறோம், அதில் 29 பேர் பெண்கள். தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது.

ஆறு மாதங்களுக்கு முன் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். வந்த முதல் வாரமே புடவைப் பிரிவில் இருந்த ஸ்டூல்களை எல்லாம் எடுத்து குடோனில் போட்டுப் பூட்டிவிட்டார். உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு மதிப்பு வராதாம். பெண்களை ‘வாடி, போடி’ என்றுதான் கூப்பிடுகிறார். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். போன மாதம் பட்டுப் பிரிவில் நிற்கும் 22 வயதுப் பெண்ணிடம், அவள் சேலை கட்டியிருந்த விதத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வாடிக்கையாளர் எதிரிலேயே ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெண் கையில் விரித்து வைத்திருந்த சேலையை மடிக்கக்கூட முடியாமல் நின்றாள். நான் பில் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அப்படி நடந்தது.

மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதில் இது: ‘பணியிடத் துன்புறுத்தலுக்கு மத்தியச் சட்டம் வந்துவிட்டதால் மாநிலச் சட்டங்கள் பொருந்தாது. மத்தியச் சட்டப்படியான குழு பெங்களூர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. புகார் இருந்தால் பாதிக்கப்பட்டவர் அங்கே நேரில் வரலாம்.’

அந்தப் பெண் சொந்த ஊரைத் தாண்டி ரயில் ஏறியதே இல்லை. இந்தப் பதில் சரியா?

புங்கமரம்:

பத்து ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். அந்தப் பதிலை எழுதியவர் சட்டத்தைப் படிக்காமல் எழுதியிருக்கிறார். தெரிந்தே எழுதியிருந்தால் அது இன்னும் மோசம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அலுவலகங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 42 பேர் வேலை செய்யும் கிளைக்குத் தனிக் குழு வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பெங்களூருக்கு வரச் சொல்வது புகாரை வராமல் செய்வதற்கான வழி.

நீதிமன்ற வாசல்:

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மத்தியச் சட்டம் வந்தால் மாநிலச் சட்டம் செத்துவிடும்’ என்ற இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

தொழிலாளர் நலன், குற்றவியல் சட்டம் இரண்டும் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டமியற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். மோதல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு 254ஆம் உறுப்பு இருக்கிறது. இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு மட்டும் மத்தியச் சட்டம் மேலோங்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டமாக இருந்தால் அந்த மாநிலத்துக்குள் அதுவே நிற்கும், நாடாளுமன்றம் பின்னால் மாற்றாத வரை. ‘முரண்பட்டால்’ என்பதுதான் இதில் உயிரான சொல். ஒன்றைக் கடைப்பிடித்தால் மற்றொன்றை மீறியாக வேண்டும் என்ற நிலைதான் தெளிவான முரண். உங்கள் கடை உள்ளகக் குழுவும் அமைக்கலாம், ஸ்டூலும் போடலாம். இதில் எங்கே முரண்?

இன்னும் ஒன்று. 2013 சட்டமே தன் 28ஆம் பிரிவில், இந்தச் சட்டம் பிற சட்டங்களோடு கூடுதலாக இருப்பது, அவற்றைக் குறைப்பதற்கு அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. மனிதவளத் துறையின் வாக்கியத்துக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது.

உங்கள் கடையில் நடந்ததைப் பிரித்துப் பாருங்கள்.

ஸ்டூல் பிரச்சினை மாநிலச் சட்டத்தைச் சேர்ந்தது. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும். கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்களின் போராட்டம் இருக்கிறது. உங்கள் கிளை எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் கடைச் சட்டம்தான் பொருந்தும். தலைமை அலுவலகம் எங்கே என்பதற்கு இதில் வேலையே இல்லை. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

உடம்பைப் பற்றிய பேச்சு 2013 மத்தியச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தல். அதே பேச்சு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75, 79 பிரிவுகளிலும் வரக்கூடும். அதே பேச்சு தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமை தடைச் சட்டத்திலும் வரும். ஒரே செயல், மூன்று சட்டம். மூன்றும் நிற்கும்.

இரண்டாம் ஷிப்ட்:

கோயம்புத்தூர் மில்லில் 34 ஆண்டுகள் சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் அம்மா சொன்ன மூன்றாவது சட்டத்தைப் பற்றி இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1998இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இளைஞர்களின் தொல்லையால் உயிரிழந்தார். மாநிலமே கொதித்தது. அதே ஆண்டு வந்த சட்டத்துக்கு அப்போது ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்று பெயர். கேலி, கிண்டல் என்று அதைச் சிறிதாக்கும் பெயர் அது. 2002இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வன்கொடுமை என்று மாற்றினார்கள். 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனையைக் கடுமையாக்கியது.

அதில் கல்லூரி, கோயில், பஸ் நிறுத்தம், கடற்கரை என்று இடங்களை அடுக்கிக்கொண்டு போய் கடைசியில் ‘வேறு எந்த இடமும்’ என்று முடித்திருக்கிறார்கள். ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவு அதற்குள் வராமல் எங்கே போகும்?

மத்தியச் சட்டமும் ஒரு மாநிலத்தில் இருந்து பிறந்ததுதான். ராஜஸ்தானில் பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவர் செய்த வேலை. அதற்காகத்தான் 1992இல் அவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேலை கொடுத்த அரசிடம் அவரைக் காக்க ஒரு விதிகூட இல்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்தது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு இன்னும் 16 ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைக்காலத்தில் மில்லில் எத்தனை பெண்களிடம் ‘பொறுத்துக்கொள்ளம்மா’ என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்றும் மனம் கனக்கிறது.

கல்வாழை:

நன்றி. எங்கள் கிளையில் குழு இல்லை என்பது இப்போது உறுதி. அப்படியானால் புகாரை எங்கே கொடுப்பது? மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறதாமே?

நீதிமன்ற வாசல்:

இருக்கிறது, ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளூர்க் குழு என்பது மாவட்டந்தோறும் அமைய வேண்டியது. பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றால் அதற்கும் அந்தக் குழு என்று சட்டம் சொல்கிறது. 42 பேர் இருந்தும் குழு அமைக்காத கடைக்கு என்ன வழி என்று அந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை, 9ஆம் பிரிவுதான் உள்ளகக் குழு அமையாதபோது உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்கிறது. அதனால் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று, பாலியல் துன்புறுத்தல் புகார். அதைக் கிளை மேலாளர், மனிதவளத் துறை இருவருக்கும் எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது, ‘இந்தக் கிளையில் குழுவே இல்லை’ என்று மாவட்ட அலுவலருக்கு. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், மீண்டும் அதே தவறு என்றால் இரு மடங்கு, உரிமம்கூட ரத்தாகலாம். புகாரின் நகலை அந்தக் கடிதத்தோடு இணையுங்கள். மத்திய அரசின் ‘ஷீ-பாக்ஸ்’ என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதியலாம்.

இங்கே மத்திய, மாநில உறவைக் கவனியுங்கள். சட்டம் நாடாளுமன்றத்துடையது. ஆனால் தனியார் கடைக்கு ‘உரிய அரசு’ மாநில அரசு. மாவட்ட அலுவலரை அறிவிப்பது மாநிலம், ஆண்டறிக்கை வாங்குவது மாவட்டம், ஆய்வுக்கு உத்தரவிடுவது மாநிலம். மாநிலம் அசையாவிட்டால் மத்தியச் சட்டம் காகிதமாகவே கிடக்கும். அப்படித்தான் நாடு முழுவதும் கிடந்தது. அதனால்தான் ஆரேலியானோ பெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் வருத்தத்தோடு பேசியது. 2024 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் நாள் குறித்தது: அந்த மாத இறுதிக்குள் மாவட்ட அலுவலர்கள், 2025 ஜனவரி இறுதிக்குள் உள்ளூர்க் குழுக்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 9. பதினோரு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் நாள் குறிக்க வேண்டியிருந்தது.

காலக்கெடுவை மறக்காதீர்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

மேசைவிளக்கு:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் ஆண், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்கள் மேலாளர் வாராந்திரக் கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் என் பெயரைச் சொல்லி ‘இவனுக்குக் கொடுக்கும் சம்பளம் தண்டம்’ என்கிறார். எட்டு மாதங்களாக ஒவ்வொரு வாரமும். வியாழக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வாரம் ராஜினாமா கடிதத்தை அவர்களே அடித்து வைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்கு எந்தச் சட்டம்?

நீதிமன்ற வாசல்:

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் கசப்பானது. 2013 சட்டத்தில் புகார் கொடுக்கும் உரிமை பெண்களுக்கு மட்டும், அதுவும் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும். பாலியல் சாராத, சாதி சாராத வெறும் அவமதிப்புக்கு என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. குற்றவியல் வழியும் குறுகியது. மேலதிகாரி ஒருவர் வேலை தொடர்பாகக் கடிந்து பேசியதை ‘வேண்டுமென்றே அவமதித்தல்’ என்ற குற்றமாகக் கொள்ள முடியாது என்று 2025 பிப்ரவரியில் பி.வி. ராம்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செகந்திராபாத்தில் இருக்கும் ஒரு தேசிய நிறுவனத்தின் இயக்குநர் மீது உதவிப் பேராசிரியர் தொடுத்த வழக்கு அது. அலுவலக ஒழுங்கு கெட்டுவிடும் என்பது நீதிமன்றத்தின் கவலை. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு மாதம் வாராவாரம் நடப்பதை ஒழுங்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கு உதவக்கூடியது மாநிலச் சட்டம். அதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தர வேண்டும், நீக்கினால் மேல்முறையீடு உண்டு. மென்பொருள் நிறுவனமும் இந்தச் சட்டப்படி ஒரு நிறுவனம்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, உங்கள் பதவி அப்படியானதா என்று பாருங்கள். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ‘அவராகவே போனார்’ என்பார்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று மெய்ப்பிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கூட்டம் முடிந்த அன்றே நடந்ததை மின்னஞ்சலில் மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். நாள், நேரம், சொன்ன வார்த்தை, யார் இருந்தார்கள். அலங்காரம் வேண்டாம்.

தறி:

நான் நூற்பாலையில் வேலை செய்கிறேன், திண்டுக்கல் பக்கம். மேலே எல்லோரும் சட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மேஸ்திரி பிரித்துப் பேச மாட்டார். அவர் வாயிலிருந்து சாதியும் உடம்பும் ஒரே வாக்கியத்தில் வரும். அதை எந்தக் குழுவிடம் சொல்வது? உள்ளகக் குழுவில் ‘சாதியைப் பற்றிப் பேச இது இடமில்லை’ என்றார்கள். காவல் நிலையத்தில் ‘மில் விவகாரம், குழுவில் பாருங்கள்’ என்றார்கள். நடுவில் நான் இரண்டு நாள் கூலியை இழந்தேன்.

இந்தப் பக்கம் 2022இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓர் ஆடை நிறுவனத்தோடும், வெளிநாட்டு ஆடை நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தம். அதில் பாலினத்தையும் சாதியையும் சேர்த்தே எழுதினார்கள். தளத்திலேயே தொழிலாளர்களில் இருந்து கண்காணிப்பவர்கள். எங்கள் ஆலையில் அது இல்லை. வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நீதிமன்ற வாசல்:

தங்கச்சி, இரண்டு இடத்திலும் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் சாதியைச் சொல்லி, பிறர் பார்வையில் படும் இடத்தில் அவமதித்தால் அது 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் குற்றம். இதுவும் மத்தியச் சட்டம்தான், ஆனால் விசாரிப்பது மாநிலக் காவல்துறை. காவல் நிலைய ஆய்வாளர்கூட அல்ல, துணைக் கண்காணிப்பாளர் நிலையில் இருப்பவர் விசாரிக்க வேண்டும். யாரும் இல்லாத அறைக்குள் சொன்னால் இந்தப் பிரிவு நிற்பது கடினம் என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதனால் அன்று ஆலையில் அங்கே யார் யார் நின்றார்கள் என்பதை எழுதி வையுங்கள். பட்டியலினப் பெண்ணிடம், அது தெரிந்தே, பாலியல் நோக்கில் பேசுவதும் அதே சட்டத்தில் தனிக் குற்றம். உள்ளகக் குழு உங்கள் புகாரின் பாலியல் பகுதியை விசாரித்தே ஆக வேண்டும், சாதி கலந்திருக்கிறது என்று தள்ள முடியாது. காவல்துறையும் குழுவைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. முன்னே சொன்ன 28ஆம் பிரிவு இதற்காகத்தான்.

வெண்கலம்:

ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் நான்கு உள்ளகக் குழுக்களில் வெளி உறுப்பினராக இருந்தவள் நான். வழக்கறிஞர் சொல்வதில் சட்டப் பிழை இல்லை, ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவான அடுத்த வாரமே வீட்டார் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குழுவில் 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது, அவள் வேலையில் இருந்துகொண்டே கேட்கலாம்.

நீதிமன்ற வாசல்:

அக்கா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் அதை அவள் தீர்மானிக்கட்டும். அவள் காவல்துறைக்குப் போக விரும்பினால் உதவ வேண்டியது முதலாளியின் கடமை என்று 2013 சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. நாம் அந்தக் கதவை அவளுக்காகச் சாத்தக் கூடாது.

வெண்கலம்:

அதில் எனக்கும் சம்மதம்தான். அவள் பயப்படுவது எதற்கு என்று கேளுங்கள் கல்வாழை. பெரும்பாலும் ‘என்னை வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்களா’ என்பதுதான் இருக்கும். விசாரணைக் காலத்தில் இடமாற்றம் என்பது அவள் எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைக்கக்கூடியது. அந்த சூப்பர்வைசரை மாற்றும்படியும் கேட்கலாம். மெய்ப்பிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்றும் பயப்படுவாள். ஆதாரம் போதவில்லை என்பது பொய்ப் புகார் ஆகாது என்று 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

புங்கமரம்:

அவளால் எழுத முடியாத நிலை இருந்தால், நடந்ததை அறிந்தவர் அவளுடைய எழுத்துபூர்வ சம்மதத்தோடு புகார் கொடுக்க விதிகளில் இடம் இருக்கிறது. கல்வாழை, நீங்கள் நேரில் பார்த்தவர்.

கல்வாழை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோரையும் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.

அவளே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். அந்த ஒரு வார்த்தை வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘அக்கா, அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டுமா?’ என்று கேட்டாள். அலங்காரம் வேண்டாம், சொன்ன வார்த்தை வேண்டும் என்று இங்கே படித்தது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்றேன். எழுதிவிட்டு அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

கிளை மேலாளர் கையெழுத்துப் போட மறுத்தார். விரைவுத் தபாலில் அனுப்பினோம். மாவட்ட அலுவலருக்குக் கொடுக்க ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மூன்று அறைகளைச் சுற்றினோம். கடைசியில் சமூக நல அலுவலகத்தில் ஓர் அம்மா முழுவதையும் படித்தார், முத்திரை குத்தி நகல் கொடுத்தார். கிளையில் குழு அமைக்கச் சொல்லிக் கடைக்குக் கடிதம் போயிருக்கிறது என்று நேற்று தெரிந்தது. மனிதவளத் துறை இப்போது ‘பெங்களூர்’ என்ற வார்த்தையை எழுதுவதில்லை.

தொழிலாளர் உதவி ஆய்வாளர் புதன்கிழமை வந்தார். குடோனைத் திறக்கச் சொல்லி ஸ்டூல்களை எண்ணினார். பதினொன்று இருந்தன. எல்லாம் தூசியோடு புடவைப் பிரிவுக்குத் திரும்பிவிட்டன, நாங்களே துடைத்தோம். அந்த சூப்பர்வைசர் இன்னும் அதே தளத்தில்தான் இருக்கிறார். அவர் நடந்து வரும்போது யாரும் உட்காருவதில்லை. அவரை மாற்றக் கேட்கும் கடிதத்தை அவள் எழுதி வைத்திருக்கிறாள், குழு அமைந்த அன்றே கொடுக்க.